ஏழாவது கேள்விக்குப் பதில்

மாதா துணை

கும்பகோணம்
20-11-2025

அன்பு மகள் ஃபிளோராவுக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பாவுக்கும் எனக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, அங்கே உனக்கும் மாப்பிள்ளை கிளாட்சனுக்கும் குளிரைத் தவிர வேறு குறை இருக்கக்கூடாது என்று மாதாவை வேண்டிக்கொள்கிறேன். கடிதம் என்றால் முதலில் சுகம் விசாரிக்க வேண்டும், விசாரித்துவிட்டேன். நீ சுகமாகத்தான் இருக்கிறாய் என்பது நீ மெயிலில் அனுப்பிய நாற்பத்திரண்டு பக்க அறிக்கையைப் படித்தாலே தெரிகிறது, ஒரு வரியில்கூட உனக்குத் தூக்கம் கெட்ட மாதிரி இல்லை. தினமும் வீடியோ காலில் முகத்தைப் பார்க்கிறோமே, இதென்ன புதிதாகக் கடிதம் என்று நினைப்பாய். ஃபோனில் சொன்னால் நீ நடுவில் புகுந்து அம்மா அம்மா என்று அழுவாய், உன் அழுகைக்கு நான் பாதியில் நிறுத்திவிடுவேன். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது.

அப்பாவுக்கு இடது கண்ணில் புரை எடுத்து இன்றைக்குப் பதினாறு நாள் ஆகிறது. தலைக்குத் தண்ணீர் ஊற்றாதீர்கள், குனியாதீர்கள் என்று டாக்டர் சொன்னதை எல்லாம் ஒரு வாரம் கேட்டார், அப்புறம் மழை பிடித்துக்கொண்டதும் கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வயலுக்குக் கிளம்பிவிட்டார். சம்பா நட்டு இருபத்தைந்து நாள்கூட ஆகவில்லை, பயிர் முழுக்கத் தண்ணீருக்குள் நிற்கிறது, வடிகால் வாய்க்காலில் ஆகாயத்தாமரை அடைத்துக் கிடப்பதால் தண்ணீர் இறங்க வழியில்லை. நம் நிலத்தைக் குத்தகைக்குச் செய்கிற அண்ணாதுரை இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு, வாத்தியாரய்யா நீங்க வந்து பாத்தா தண்ணி வடிஞ்சிடுமா, கண்ணு போயிடும் வீட்டுக்குப் போங்க என்று கத்தினானாம். அதைக் கேட்டுக்கொண்டு வந்தார், நான் சொன்னால் கேட்க மாட்டார். சொட்டு மருந்தை நான்தான் வேளாவேளைக்குப் போடுகிறேன், போட்டதும் நோட்டில் மணி எழுதுகிறேன். போட்ட பிறகுதான் எழுதுகிறேன். இதை ஏன் சொல்கிறேன் என்று கீழே படிக்கும்போது புரியும்.

உன் மெயிலை ஃபோனில் படிக்க முடியாமல் தௌபீக் கடையில் கொடுத்து பிரிண்ட் எடுத்தேன். அந்தப் பையன் முதல் பக்கத்தைப் படித்துவிட்டு, ஃபிளோராக்கா ஒங்களப் பத்தி எவ்ளோ பெருமையா எழுதியிருக்காங்கம்மா என்று சொல்லி நாலு பேர் முன்னால் எனக்கு நாற்காலி போட்டான். நான் உட்காரவில்லை. நர்சிங் மேனேஜ்மெண்ட் படிப்புக்குப் பன்னிரண்டு வாரம் ப்ராக்டிகம், அதில் ஒரு வார்டு மேனேஜர் கூடவே இருந்து வேலை பழக வேண்டும், அனுபவமுள்ள ஒரு தலைவரைப் பேட்டி எடுக்க வேண்டும், அதற்கு உலகத்தில் வேறு ஆளே கிடைக்காமல் என்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறாய். பத்துக் கேள்வி. நீங்கள் எந்த வகைத் தலைவர் என்பது முதல் கேள்வி. நான் ஹெட் சிஸ்டர், என்னைப் பார்த்தால் எல்லாரும் பயந்தார்கள், வேலை நடந்தது, வகை எல்லாம் எனக்குத் தெரியாது. உங்கள் குழுவை எப்படி ஊக்கப்படுத்தினீர்கள் என்று கேட்டிருக்கிறாய். ஊக்கமா? லீவு கேட்டால் முறைத்தேன். மற்றதை எல்லாம் நீயே எதையாவது எழுதி நிரப்பிக்கொள், உனக்கு அது நன்றாக வரும், சின்ன வயதிலேயே வந்தது. ஏழாவது கேள்விக்கு மட்டும் நான் பதில் எழுதுகிறேன். நிர்வாகம் ஒரு பக்கமும் மனச்சாட்சி ஒரு பக்கமும் இழுத்தபோது நீங்கள் எடுத்த முடிவு ஒன்றைச் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறாய் அல்லவா, அதற்கு.

அதற்கு முன்னால் உன் முன்னுரையைப் பற்றி ஒரு வார்த்தை. ஒன்பது வயது வரைக்கும் நான் பள்ளிக்கூடம் விட்டு அம்மாவின் வார்டுக்குப் போவேன், நோயாளிகளின் சார்ட்டில் நீலப் புள்ளியும் சிவப்புப் புள்ளியும் வைப்பேன், ஒரு நாள் அம்மா தொற்று வரும் என்று சொல்லி என்னை வார்டுக்குள் வரக்கூடாது என்று நிறுத்திவிட்டார்கள், சொந்த மகள் என்றும் பார்க்காத அந்தக் கண்டிப்புதான் தலைமை என்பதில் எனக்குக் கிடைத்த முதல் பாடம் என்று எழுதியிருக்கிறாய். படித்துவிட்டு நான் சிரித்தேன். அப்பா பக்கத்து அறையிலிருந்து என்ன என்ன என்று கேட்டார். ஒன்றுமில்லை, உங்கள் மகள் என்னைப் புனிதையாக்கிவிட்டாள் என்றேன்.

நடந்ததைக் கேள். 2003, செப்டம்பர் ஏழு, ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் வேளாங்கண்ணித் திருவிழா. நம் மிஷன் ஆஸ்பத்திரியில் வழக்கம் என்னவென்றால் கொடியேற்றத்திலிருந்து திருநாள் முடிகிற வரைக்கும் கிறிஸ்தவ நர்ஸ்களுக்கு லீவு, அந்த நாள்களை இந்து நர்ஸ்கள் சமாளிப்பார்கள், அதற்குப் பதிலாகத் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் அவர்கள் போவார்கள், நாங்கள் இருப்போம். கேட்டால் நியாயமாகத்தான் தெரியும். அந்த வருடம் ஆண்கள் வார்டில் ஆறு ஸ்டாஃப் நர்ஸ், அதில் ஐந்து பேர் கிறிஸ்தவர்கள். ஐந்து பேரும் வந்து நின்றார்கள், நடந்து போகிறோம் என்று நேர்ந்துகொண்டோம் சிஸ்டர் என்றார்கள், மாதா காரியத்தில் குறுக்கே நிற்க எனக்குப் பயம், ஐந்து பேருக்கும் கையெழுத்துப் போட்டேன். மிச்சம் இருந்தவள் சாவித்திரி, வலங்கைமான் பக்கம், இருபத்தாறு வயது. இரவுக்கு வேறு வார்டிலிருந்து ஆள் கேட்டு வாங்கினேன், பகலுக்கு அவள் ஒருத்திதான். முப்பத்திரண்டு கட்டில். ஆறு நாளாகத் தொடர்ந்து, நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம், வார ஓய்வுகூட இல்லாமல். அந்த டியூட்டிப் பட்டியலைப் போட்டது நான்.

நீ காலைப் பூசை முடிந்து என்னோடு வந்திருந்தாய், மூன்று மணிக்கு அப்பா வந்து கூட்டிப்போவதாக ஏற்பாடு. உனக்கு வேலை என்னவென்றால், சாவித்திரி காய்ச்சல் அளந்து ஒரு துண்டுச் சீட்டில் குறித்துத் தருவாள், அதைப் பார்த்து நீ சார்ட்டில் புள்ளி வைத்துக் கோடு இழுப்பாய். அது விளையாட்டு இல்லை ஃபிளோரா, ஆள் இல்லாத வார்டில் நான் சம்பளமில்லாமல் வாங்கிய வேலை. அன்று இரண்டு மணிச் சுற்றை அவளால் ஆரம்பிக்கவே முடியவில்லை, கோடியில் ஒருவர் ரத்தமாக வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார், அவரை விட்டு நகர வழியில்லை. சீட்டு வரவில்லை. நீ சும்மா இருக்கவில்லை. முந்தின நாள் புள்ளி எங்கே இருந்ததோ அதே உயரத்தில் கட்டில் கட்டிலாகப் புள்ளி வைத்துக்கொண்டே போனாய். மூன்று மணிக்குக் கிளம்ப வேண்டுமே என்று ஆறு மணிப் புள்ளியையும் சேர்த்து வைத்தாய். நான் அறையில் உட்கார்ந்து அடுத்த மாதப் பட்டியல் போட்டுக்கொண்டிருந்தேன்.

பதினான்காம் கட்டிலில் கோவிந்தராசு என்று ஒருவர், நாற்பத்து நான்கு வயது, குடல்வால் வெடித்து ஆபரேஷன் ஆகி நாலாம் நாள். இரண்டரை மணிக்கு அவர் மனைவி என் மேசைக்கு வந்து, ஒடம்பு கொதிக்குதுங்க சிஸ்டர், வாய் ஒளறுதுங்க, செத்த வந்து பாருங்க என்றாள். நான் எழுந்து போனேன். நோயாளியைத் தொடவில்லை. கட்டில் காலில் தொங்கிய சார்ட்டை எடுத்துப் பார்த்தேன், இரண்டு மணிக்கு 98.6. காய்ச்சலே இல்லம்மா, அவருக்குக் காத்து வேணும், நீ கொஞ்சம் தள்ளி உட்காரு என்று சொல்லிவிட்டு வந்தேன். மூன்று மணிக்கு டாக்டர் ஒரு சுற்று வந்தார், அவரும் சார்ட்டைத்தான் பார்த்தார். நாலு மணி பத்து நிமிடத்துக்கு அந்த மனிதர் போய்விட்டார். வயிற்றுக்குள் முழுக்கச் சீழ். முடித்து எழுத சார்ட்டைக் கையில் எடுத்தபோதுதான் ஆறு மணிப் புள்ளியைப் பார்த்தேன், செத்துப்போன ஆளுக்கு இன்னும் வராத ஆறு மணிக்கு 98.6. சாவித்திரி வைக்கிற புள்ளி கண்ணுக்கே தெரியாது, நீ வைக்கிற புள்ளி கடுகு அளவுக்கு இருக்கும், அழுத்தி அழுத்தி வைப்பாய்.

வீட்டுக்கு வந்ததும் நீ ஓடி வந்து, ரெண்டு மணியும் ஆறு மணியும் நானே போட்டுட்டேம்மா, சாவித்திரி அக்கா பாவம் ஓடிக்கிட்டே இருந்தாங்க என்று சொன்னாய். நான் உன்னை அடிக்கவில்லை. பால்கோவா இருந்தது, எடுத்துக் கொடுத்தேன். இனி வார்டுக்கு வராதே, தொற்று என்றேன். இதுதான் உன் முதல் பாடம். திங்கட்கிழமை விசாரணை வைத்தார்கள், திருநாள் அன்றைக்கே வைத்தார்கள், இறந்தவரின் ஆட்கள் வாசலில் நின்றதால் தள்ளிப்போட முடியவில்லை. அளக்காமல் எழுதியது யார் என்று கேட்டபோது சாவித்திரி என்னைப் பார்த்தாள், பிறகு தரையைப் பார்த்தாள். ரெண்டு மணிக்கு நான் அளக்கலீங்க என்று மட்டும் சொன்னாள். அது உண்மை. அந்த உண்மையை வைத்துக்கொண்டு மிச்சத்தை நான் எழுதினேன். பணியில் இருந்த ஸ்டாஃப் நர்ஸின் தனிப்பட்ட கவனக்குறைவு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதோடு விடவில்லை, பட்டியல் நோட்டில் அந்த வாரத்துப் பக்கத்தைக் கிழித்துவிட்டு வெள்ளிக்கிழமை அவளுக்கு ஓய்வு கொடுத்த மாதிரி புதுப் பக்கம் எழுதி ஒட்டினேன், பசை நன்றாகப் பிடிக்க வேண்டும் என்று மேலே ஒரு அகராதியைத் தூக்கி வைத்தேன். இரண்டே நாளில் அவளை அனுப்பிவிட்டார்கள், அனுபவச் சான்றிதழ்கூடத் தரவில்லை. மூன்று வருடத்தில் நான் சூப்பிரண்டெண்ட் ஆனேன். உன் நர்சிங் படிப்பு, உன் இங்கிலீஷ் பரீட்சை, உன் விமான டிக்கெட் எல்லாம் அந்த நாற்காலியிலிருந்துதான் வந்தது.

ஒன்பது வயதுப் பிள்ளை செய்ததற்கு அந்தப் பிள்ளை பொறுப்பு இல்லை, அதனால் இதைப் படித்துவிட்டு நான் ஒருவரைக் கொன்றுவிட்டேன் என்று மாப்பிள்ளை மடியில் விழுந்து அழாதே. கொன்றது நான். நீ புள்ளி வைத்தாய், நான் அந்தப் புள்ளியை நம்பி, கொதிக்கிற உடம்பைத் தொடாமல் திரும்பி வந்தேன். இருபத்திரண்டு வருடம் நான் இதைச் சொல்லாமல் இருந்ததற்குக் காரணம் உன் மேல் உள்ள பாசம் என்று எழுதலாம், எழுதினால் நீ நம்பவும் செய்வாய். பாசம் இல்லை, வெட்கம். இப்போதும் சொல்லியிருக்க மாட்டேன், நீ அந்த ஷோபனாவைப் பற்றி எழுதியதைப் படிக்காமல் இருந்திருந்தால்.

ஷோபனா திருவாரூர்க்காரி. நீ அந்த வார்டுக்குப் போன முதல் வாரம் சோறு கட்டிக்கொண்டு போக மறந்தபோது, தன் டப்பாவில் இருந்த கருவாட்டுத் தொக்கையும் சோற்றையும் பாதி உனக்கு வைத்தவள் என்று நீயே ஃபோனில் சொன்னாய். குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு வந்தவள் என்றும் சொன்னாய். அவள் நாலு மணிக்கு எடுக்க வேண்டிய பிரஷரையும் காய்ச்சலையும் இரண்டு மணிக்கே கம்ப்யூட்டரில் அடித்து வைத்துவிட்டாள், நீ அதைக் கண்டுபிடித்தாய், அந்தக் கிழவர் நிலைமை மோசமாகி ஐ.சி.யூ. போய்ப் பிழைத்து வந்தார். நீ எழுத்தில் புகார் கொடுத்தாய். அடுத்த மாதம் பதினோராம் தேதி விசாரணை, நீதான் சாட்சி, அவள் நர்ஸ் பதிவு போனால் விசாவும் போகும். அவள் செய்தது தப்பா என்றால் தப்புதான். அளக்காமல் எழுதினால் ஆள் சாவான், என்னைவிட அது யாருக்குத் தெரியும். அதைச் சொல்லாதே என்று நான் சொல்லவில்லை. தனிப்பட்ட கவனக்குறைவு என்று எழுதியிருக்கிறாயே, அந்த வார்த்தை உனக்கு எங்கிருந்து கிடைத்தது? நான் சொல்லிக்கொடுக்கவே இல்லையே.

பெருமைக்காக நீ கடைசியில் மூன்றாவது இணைப்பாக ஒரு பட்டியல் சேர்த்திருக்கிறாய், ப்ராக்டிகத்தில் நானே சொந்தமாகப் போட்ட டியூட்டி ரோஸ்டர் என்று. உன் பேராசிரியர் அதைப் பார்த்து நன்று என்று எழுதியிருக்கிறார். அவர் கட்டங்களைப் பார்த்திருப்பார். நான் முப்பத்து நான்கு வருடம் பட்டியல் போட்டவள், நான் பெயரைப் பார்ப்பேன். விரல் வைத்து எண்ணினேன். ஷோபனா தொடர்ந்து ஆறு நாள், ஆறும் நீண்ட டியூட்டி. ஆறாவது நாள் அவளோடு இருக்க வேண்டிய இரண்டு பேரை வேறு வார்டுக்கு மாற்றியிருக்கிறாய், பக்கத்திலேயே உன் இனிஷியல். அவள் கையில் பதினாறு நோயாளி. அந்த ஆறாவது நாள்தான் அவள் இரண்டு மணிக்கே எழுதி வைத்த நாள். நாற்பத்திரண்டு பக்கத்தில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை. நான் பக்கத்தைக் கிழித்துப் புதுசு ஒட்டினேன், எனக்குக் குறைந்தபட்சம் பயமாவது இருந்தது. நீ அதை மார்க் வாங்கச் சேர்த்திருக்கிறாய்.

ஐப்பசியில் ஒரு நாள் வலங்கைமானில் ஒரு துக்கம் விசாரித்துவிட்டு டவுன் பஸ்ஸில் வந்தேன். கூட்டம். ஒரு பெண் எழுந்து சிஸ்டர் ஒக்காருங்க என்று இடம் விட்டாள். உட்கார்ந்த பிறகுதான் முகத்தைப் பார்த்தேன், சாவித்திரி. முடியெல்லாம் நரைத்துவிட்டது. சான்றிதழ் இல்லாததால் எந்த ஆஸ்பத்திரியிலும் எடுக்கவில்லை, ஒரு மருந்துக் கடையில் இருபது வருடமாக மாத்திரை எடுத்துக் கொடுக்கிறாளாம்.  அவளே பேசினாள். பாப்பா நல்லா இருக்குதுங்களா, லண்டனோ எங்கயோ நர்ஸா இருக்குதுன்னு சொன்னாங்க, இன்னும் அப்புடித்தான் புள்ளிய அழுத்தி அழுத்தி வைக்குதுங்களா சிஸ்டர் என்று கேட்டாள். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். அவளுக்கு அன்றைக்கே தெரியும். ஏன் சொல்லவில்லை என்று நான் கேட்டேன், கேட்கும்போது பஸ் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். சின்னப் புள்ள பேரப் போயி எப்புடிங்க சொல்றது என்றாள். பெரிய தெருவில் இறங்கிப் போய்விட்டாள். நான் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போனேன். அதற்கு மறுநாள் உன் மெயில் வந்தது, நீங்கள்தான் என் முன்மாதிரி என்று.

கோவிந்தராசுவின் சார்ட்டை ரிட்டையர் ஆகிற அன்று ரெக்கார்டு ரூமிலிருந்து எடுத்து வந்துவிட்டேன். அதை இதோடு வைத்திருக்கிறேன், பார். கோடு ஸ்கேல் வைத்து நேராக இழுத்திருக்கிறாய், அதில் குறை சொல்ல முடியாது. அந்த விசாரணையைப் பற்றிய உண்மையை எழுதி, கையெழுத்துப் போட்டு, அதற்கு ஒரு நகலும் எடுத்து நான் நேற்று ஆஸ்பத்திரி நிர்வாகத்துக்குக் கொடுத்தேன், சாவித்திரிக்கும் ஒன்று அனுப்பினேன். இருபத்திரண்டு வருடம் கழித்து அதனால் அவளுக்கு ஒரு சல்லிக்குப் பிரயோசனம் இல்லை என்று எனக்குத் தெரியும். அப்பாவுக்கும் சொல்லிவிட்டேன். அவர் இரண்டு நாளாக என்னிடம் பேசவில்லை, சொட்டு மருந்துக்கு மட்டும் கண்ணைக் காட்டுகிறார்.

கருவேப்பிலைப் பொடியும் வடகமும் தனிப் பார்சலில் வருகிறது. மாப்பிள்ளைக்கு இருமல் நின்றதா, அதிகாலையில் காதை மூடிக்கொண்டு போகச் சொல். இங்கிருந்தே உன் நெற்றியில் சிலுவை வரைகிறேன், மாதா உன்னைக் கைவிட மாட்டாள், நான் பெற்ற பிள்ளையை நானும் கைவிட மாட்டேன், அதனால்தான் இவ்வளவு கசப்பாக எழுதினேன். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. பதினோராம் தேதி போகும்போது அந்த மூன்றாவது இணைப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போ, அவர்கள் கேட்காவிட்டாலும் மேசையில் வை, போட்டது நான் என்று சொல். ஏனென்றால் ஷோபனா சொல்ல மாட்டாள். உன்னை ஒரு பார்வை பார்ப்பாள், பிறகு தரையைப் பார்ப்பாள். தன் டப்பாவிலிருந்து சோறு வாங்கிச் சாப்பிட்ட பிள்ளையின் பெயரை அந்தப் பெண் சொல்ல மாட்டாள் என்று உனக்குத் தெரியும். அதை நம்பித்தானே எழுதிக் கொடுத்திருக்கிறாய். நானும் அதை நம்பித்தான் எழுதிக் கொடுத்தேன்.

உன் கேள்வித்தாளில் பேட்டி அளித்த தலைவரின் கையொப்பம் என்று இருக்கிற இடத்தில் வெட்டி ஒட்டிக்கொள்ள,

உன் அம்மா,
கு. ஆரோக்கியம்